மதிப்பெண் கோட்டுக்கு இப்பால் நிற்கும் பிள்ளைகள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் மே, ஜூன் மாதங்களில் நம் சங்க அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எம் புள்ளை இத்தனை மார்க் எடுத்திருக்கான். அரசாங்க ஸ்காலர்ஷிப் கிடைக்குமா சார்?" ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இந்தச் சில ஆண்டுகளில் எனக்குப் புரிந்த ஒரு விஷயம் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உதவித்தொகை கிடைக்க எவ்வளவு மார்க் வேண்டும் என்பது முதல் கேள்வி. கிடைத்த தொகை அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு மார்க் வேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளைகள் தடுக்கி விழுவதோ பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான்.

பணம் குறையும்போதெல்லாம் அரசுகள் செய்யும் முதல் காரியம் மதிப்பெண் கோட்டைச் சற்று மேலே தூக்கி வைப்பது. இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. "தகுதி உள்ளவனுக்குத்தானே கொடுக்க வேண்டும்?" என்று கேட்டால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் கோட்டை உயர்த்தினால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன, அதிலிருந்து நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

80 பர்சென்டைல் என்பது 80 மார்க் அல்ல

முதலில் நம் வீட்டு விஷயத்தைப் பார்ப்போம். மத்திய கல்வி அமைச்சகம் 2008 முதல் கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேர் வரை தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அதில் ஆண்கள் பாதி, பெண்கள் பாதி. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று இருந்த தொகை 2022-23 முதல் 12,000 ஆயிற்று. குடும்ப வருமான வரம்பு ஒரு கட்டத்தில் 8 லட்சம் வரை போய், மறுபடி நாலரை லட்சத்துக்கு இறங்கியது.

தகுதி என்ன? தன் போர்டில், தன் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் 80 பர்சென்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். 82 மார்க் வாங்கிய பையனின் தகப்பனார், "80க்கு மேலதானே சார் இருக்கு?" என்கிறார். பர்சென்டைல் வேறு, பர்சென்டேஜ் வேறு. தேர்ச்சி பெற்ற நூறு பிள்ளைகளை மார்க் வரிசைப்படி நிறுத்தினால், உங்கள் பிள்ளைக்குக் கீழே எண்பது பேராவது நிற்க வேண்டும். அதுதான் 80 பர்சென்டைல். எல்லோரும் தாராளமாக மார்க் வாங்கும் போர்டில் அந்தக் கோடு 80 மார்க்குக்கு வெகு மேலே போய்விடும். கண்டிப்பாகத் திருத்தும் போர்டில் கீழே இறங்கிவிடும். ஆகவே ஒரே மார்க் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் மாநில போர்டில் படித்தவன் உள்ளே, சி.பி.எஸ்.இ.யில் படித்தவன் வெளியே என்று ஆகலாம். அதன் பிறகும் போர்டுக்கு இத்தனை இடங்கள் என்ற ஒதுக்கீடு உண்டு. அறிவியலுக்கு 3, வணிகத்துக்கு 2, கலைப்பிரிவுக்கு 1 என்ற விகிதமும் உண்டு. இத்தனையும் தாண்டித்தான் ஒரு பெயர் பட்டியலில் வருகிறது.

மாநிலங்களின் திட்டங்களில் கோடு இன்னும் பலவிதம். மத்தியப் பிரதேசம் 2017இல் தொடங்கிய முதலமைச்சர் மேதாவி மாணவர் திட்டத்தில், மாநில போர்டில் படித்தவருக்கு 70 சதவீதம் போதும், சி.பி.எஸ்.இ.யில் படித்தவருக்கு 85 வேண்டும் என்று வைத்தார்கள். ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் நம்மைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயா போன்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிப்பதே வழக்கம் என்பதால், இந்த வித்தியாசம் நமக்கு முக்கியமானது. மேற்கு வங்காளத்தில் விவேகானந்தர் பெயரில் உள்ள உதவித்தொகைக்கு 75 சதவீதம் என்றிருந்த வரம்பை 2021இல் 60 ஆகக் குறைத்தார்கள். ஒரே கையெழுத்தில் 75, 60 ஆகலாம் என்றால், இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல என்பது விளங்கும். கஜானாவையும் காலத்தையும் பார்த்து மனிதர்கள் போடும் கோடுகள்தாம் இவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மத்திய அரசுத் திட்டத்தில் டிப்ளமா படிப்பவர்களுக்கு இடமில்லை. அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கும் இல்லை. டிப்ளமாவை வைத்துக்கொண்டே முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தைக் காப்பாற்றியவன் என்ற முறையில் இது எனக்குச் சற்று உறுத்துகிறது. பட்டறையிலும் பாலத்திலும் வேலை செய்யப்போகும் பிள்ளையும் நாட்டுக்கு வேண்டியவன்தானே?

இரண்டாவது கோடு

இனி தொடர்ச்சிக்கு வருவோம். மேற்படி உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கல்லூரித் தேர்வில் 50 சதவீத மார்க், 75 சதவீத வருகைப்பதிவு இரண்டும் வேண்டும். பார்க்க எளிய நிபந்தனைதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு பெண்ணின் தாளைக் கையில் எடுக்கும் வரை.

அந்தப் பெண்ணின் தகப்பனார் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பவர். மும்பையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இரவு இரண்டு மணிக்கே அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்து, பிறகு ஆங்கில வழிக்கு மாறி, பன்னிரண்டாம் வகுப்பில் வணிகப் பிரிவில் நல்ல மார்க் எடுத்தவள். மத்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. அந்த ஆண்டு எங்களுக்கெல்லாம் அது பெரிய மகிழ்ச்சி.

பி.காம். முதலாண்டில் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு தகப்பனாருக்குக் காலில் அறுவைச் சிகிச்சை. வியாபாரம் நின்றால் வாடகை நிற்கும். தாயாரும் மகளுமாக இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். காலையில் வியாபாரம், பிறகு கல்லூரி, மாலையில் மாவு. வருகைப்பதிவு 75க்கு மேல் இருந்தது. அதில் அவள் குறை வைக்கவில்லை. மார்க் 48 சதவீதம். அடுத்த ஆண்டுத் தொகை நின்றுபோயிற்று.

என்னிடம் வந்து அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சார், நான் பெயில் ஆகலையே, பாஸ்தானே ஆயிருக்கேன்?" அதற்கு நான் என்ன பதில் சொல்வது? கல்லூரி அவளை இரண்டாம் ஆண்டுக்கு அனுப்பிவிட்டது. பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவள் தேறியவள். உதவித்தொகையின் கணக்கில் மட்டும் தவறியவள்.

12,000 ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். வசதி உள்ளவர்களுக்கு அது ஒரு விசேஷத்துக்கு எடுக்கும் துணிமணியின் விலை. அந்த வீட்டில் அது ஓராண்டின் லோக்கல் ரயில் பாஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம், டாலி வகுப்பு எல்லாம் சேர்ந்தது. அதற்கும் மேலாக, "படிக்கிற பெண், அரசாங்கமே பணம் கொடுக்கிறது" என்று சொந்தக்காரர்களிடம் தாயார் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பு அது. கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அந்தப் பன்னிரண்டாயிரம்தான் காவல்.

நம் சங்க அன்பர்கள் இருவர் ஆளுக்கு 6,000 கொடுத்தார்கள். "தேறினால் போதும், வேறு நிபந்தனை இல்லை" என்று மட்டும் சொன்னார்கள். தகப்பனார் எழுந்து நடமாடத் தொடங்கினார். இரண்டாம் ஆண்டில் அந்தப் பெண் 61 சதவீதம் எடுத்தாள், மூன்றாம் ஆண்டில் 67. இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்த இரண்டு சதவீதம் அவளுடைய அறிவையோ உழைப்பையோ அளக்கவில்லை. அந்த வீட்டில் அந்த மூன்று மாதம் நடந்ததை அளந்தது, அவ்வளவுதான்.

ஜார்ஜியாவில் நடந்தது

நிபந்தனையை இன்னும் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் நல்ல பாடம். என் மகள் குடும்பம் அட்லாண்டா அருகில் வசிப்பதால், அங்கே போயிருந்தபோது இந்த விவகாரம் காதில் விழுந்தது. பிறகு ஆர்வத்தோடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

செல் மில்லர் என்பவர் ஆளுநராக இருந்தபோது, மாநில லாட்டரி வருமானத்தைக் கொண்டு 1993இல் 'ஹோப்' என்ற உதவித்தொகை தொடங்கப்பட்டது. அங்கே மதிப்பெண்ணை ஜி.பி.ஏ. என்று நான்குக்குக் கணக்கிடுவார்கள். 'ஏ' கிரேடுக்கு 4, 'பி'க்கு 3, 'சி'க்கு 2. உயர்நிலைப் பள்ளியில் சராசரி 3.0, அதாவது 'பி' கிரேடு வைத்திருந்தால், மாநிலத்தின் அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இலவசம். கல்லூரியிலும் அந்த 3.0ஐக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் குடும்ப வருமானத்துக்கு 66,000 டாலர் என்று வரம்பு இருந்தது; அடுத்த ஆண்டே அதை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள்; 1995இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் கோடு மட்டும் மிஞ்சியது.

பலன் யாருக்குப் போயிற்று? சூசன் டைனார்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிக்குச் செல்வோர் எண்ணிக்கை கூடியது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பங்கு நடுத்தர, வசதியான குடும்பங்களுக்கே போயிற்று என்று கண்டார். கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையில் இருந்த இடைவெளி குறைவதற்குப் பதில் அகன்றது. வேறு இரண்டு பேராசிரியர்கள் இன்னொரு வேடிக்கையையும் கண்டுபிடித்தார்கள். இந்தத் திட்டம் வந்த பிறகு ஜார்ஜியாவில் புதிய கார் பதிவு கூடியிருக்கிறதாம். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கென்று எடுத்துவைத்த பணம் மிச்சமானால் கார் வாங்கலாம் அல்லவா!

3.0ஐக் காப்பாற்ற மாணவர்கள் செய்ததும் ஆய்வில் வந்தது. ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொண்டார்கள். மார்க் குறையும் என்று தோன்றிய பாடத்திலிருந்து நடுவிலேயே விலகினார்கள். பாடங்களைக் கோடை வகுப்புக்குத் தள்ளினார்கள். கோட்டுக்கு மேலே நின்றார்கள். ஆனால் கற்றது கூடியதா என்பது வேறு கேள்வி.

காலப்போக்கில் மாணவர் தொகை பெருகியது, கல்விக் கட்டணமும் உயர்ந்தது. லாட்டரி வருமானம் ஈடுகொடுக்கவில்லை. 2011இல் புதிய சட்டம் வந்தது. முழுக் கட்டணம் வேண்டுமானால் பள்ளியில் 3.7, அதோடு எஸ்.ஏ.டி. தேர்வில் 1200 வேண்டும், கல்லூரியில் 3.3ஐக் காக்க வேண்டும். 3.0 வைத்திருப்பவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி மட்டும். புத்தகத்துக்கும் இதரக் கட்டணங்களுக்கும் கொடுத்து வந்தது நின்றது.

இதோடு நிற்கவில்லை. அங்கே தொழில்நுட்பக் கல்லூரிகளில் வெல்டிங், செவிலியர் உதவி, மோட்டார் மெக்கானிக் போன்ற சான்றிதழ், டிப்ளமா படிப்புகளுக்கு 'ஹோப் கிராண்ட்' என்று தனி உதவி உண்டு. அதற்கும் 2011இல் 3.0 என்ற கோட்டைப் போட்டார்கள். இந்தக் கல்லூரிகளில் படிப்பவர்கள் யார்? பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருபவர்கள், குழந்தைகளை வைத்துக்கொண்டு படிக்கும் தாய்மார்கள், பள்ளியை விட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் புத்தகத்தைத் தொடுபவர்கள். 'சி' கிரேடு வாங்கினாலும் நல்ல வெல்டராக வரக்கூடியவர்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் உதவியை இழந்தார்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. பொருளாதார நிலை மாறியது போன்ற வேறு காரணங்களும் அதில் உண்டு. எல்லாப் பழியையும் ஒரு கோட்டின் மேல் போடக் கூடாது. ஆனாலும் 3.0 கோட்டுக்கும் சரிவுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2011 சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஆளுநர் நேதன் டீல், 2013இல் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கோடு 3.0இலிருந்து 2.0க்கு இறங்கியது. இரண்டே ஆண்டு! பட்டப்படிப்புக்கான 'ஹோப்' முழுக் கட்டணத்தையும் மறுபடி ஏற்க 2023 வரை ஆயிற்று.

செய்ததைத் திருத்திக்கொண்ட அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு ஆண்டில் படிப்பை விட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருப்பார்களா? ரயிலைத் தவறவிட்டவனுக்கு அடுத்த ரயில் உண்டு. படிப்பு விஷயத்தில் எல்லோருக்கும் அடுத்த ரயில் வாய்ப்பதில்லை.

எதிர்க்கட்சியின் வாதம்

இதையெல்லாம் நம் சங்கத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மறுத்தார். "ஐயா, இது பொதுப்பணம். ஒரு கோடும் வேண்டாம் என்றால் படிக்காமல் ஊர் சுற்றுபவனுக்கும் போகும். கண்டிப்பு இருந்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள்" என்றார்.

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதே அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 'பிராமிஸ்' என்ற உதவித்தொகையைக் கொடுக்கிறது. அதைத் தொடர்ந்து பெற ஆண்டுக்கு 30 கிரெடிட் அளவுக்குப் பாடங்களை முடிக்க வேண்டும். முதலாண்டில் சராசரி 2.75, அதற்குப் பின் 3.0 வேண்டும். ஜூடித் ஸ்காட் கிளேட்டன் என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த நிபந்தனை மாணவர்களை உண்மையிலேயே உந்தியது. நான்கு ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் எண்ணிக்கை கூடியது. பணம் மட்டும் காரணமல்ல, நிபந்தனையும்தான் காரணம் என்பதற்கு அவர் காட்டிய சான்று அழகானது. கடைசி ஆண்டில் பணம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பின் புதுப்பிக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டில் மாணவர்களின் வேகம் பழையபடி தளர்ந்துவிட்டது.

ஆக நிபந்தனையே கூடாது என்று நான் வாதிடவில்லை. இரண்டு மாநிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மேற்கு வர்ஜீனியா 'எத்தனை பாடத்தை முடித்தாய்?' என்றும் கேட்டது. முதலாண்டுக் கோட்டைச் சற்றுத் தாழ்த்தி வைத்தது. ஜார்ஜியா, வெல்டிங் பட்டறைக்கு வந்தவரிடம் போய் 'பி' கிரேடு கேட்டது. முன்னது மாணவனை நடக்கச் சொன்னது. பின்னது, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனை இறக்கிவிட்டது.

முதலாண்டு ஏன் வேறு?

கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை போர் மலைப்பாதையில் பயணம் செய்தவர்கள் கவனித்திருப்பீர்கள். 37 அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதை. கர்ஜத்தில் ரயிலின் பின்னால் தள்ளு எஞ்சின்களைப் பூட்டுவார்கள். லோனாவாலா வந்ததும் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு புனே வரை அந்த ரயில் தன் எஞ்சினிலேயே போகும். இந்த ஏற்றத்தைத் தனியாக ஏறக்கூடிய ரயில் மட்டும்தான் புனேக்குப் போகலாம் என்று ரயில்வே எந்நாளும் சொன்னதில்லை.

நம் பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் கல்லூரி முதலாண்டு. புதிய இடம், ஆங்கிலத்தில் விரிவுரை, வழிகாட்ட வீட்டில் படித்தவர் இல்லாமை எல்லாம் அங்கேதான் சேர்ந்து வருகின்றன. நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவன் கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவன். முதல் பருவத்தில் இரண்டு தாள் போயிற்று. 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' இரண்டும் ஒன்றா வேறா என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. விளக்கிச் சொன்ன ஓர் ஆசிரியர் அமைந்தார். மூன்றாம் ஆண்டில் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றான். முதல் பருவத்து மார்க்கை வைத்து அவனை நிறுத்தியிருந்தால் நட்டம் அவனுக்கு மட்டுமல்ல.

ஆகவே உதவித்தொகை விதிகளில் மூன்று திருத்தங்கள் நியாயம் என்று எனக்குப் படுகிறது. முதலாண்டில் தேர்ச்சி ஒன்றே போதும் என்றிருக்கட்டும். மதிப்பெண் கோடு இரண்டாம் ஆண்டிலிருந்து வரட்டும். கோட்டுக்குக் கீழே போனவரை உடனே நீக்காமல் ஓராண்டு எச்சரிக்கையில் வைத்து, ஏறினால் தொடரட்டும். நோய், தாய் தந்தையர் மறைவு போன்ற காரணங்களைக் கல்லூரி முதல்வர் சான்றளித்தால் ஏற்கட்டும். இவற்றால் கஜானா காலியாகிவிடாது.

மார்க் கேட்காத திட்டங்களும் நம் நாட்டில் உண்டு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்கள், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று மார்க் கோடு எதுவும் இல்லாமல் வகுக்கப்பட்டவை. இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த நம் பிள்ளைகளுக்கு அவை பொருந்தா. ஆனால் மகாராஷ்டிர அரசு, 2024-25 முதல், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்ட குறிப்பிட்ட சில பிரிவு மாணவிகளுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணத்தை முழுவதும் ஏற்றது. இதை இன்னும் அறியாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

பெற்றோர் கவனத்துக்கு

உதவித்தொகை கிடைத்ததும் இனிப்பு வழங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நாளில் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பதிவிறக்கி, 'புதுப்பித்தல்' என்ற பகுதியைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். எத்தனை மார்க், எத்தனை சதவீத வருகை, கடைசித் தேதி எது என்ற மூன்றையும் காலண்டரில் எழுதி வையுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் சொன்னதை நம்பாதீர்கள்.

வருகைப்பதிவு 75 என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால், பேரப்பிள்ளையைப் பார்த்த மகிழ்ச்சியில் தாத்தா பாட்டி இன்னும் பத்து நாள் இரு என்பார்கள். கல்லூரி திறந்துவிட்டால் பிள்ளையை முதலில் ரயிலேற்றுங்கள்.

பெண் பிள்ளைகள் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'பிரகதி' உதவித்தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிப்ளமா படிப்புக்கும் உண்டு. அடுத்த வகுப்புக்குத் தேறினால் தொடரும். ரயில்வே பாதுகாப்புப் படையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரில் தனி உதவித்தொகை இருக்கிறது. அதற்கு நுழைவில் 60 சதவீதம் வேண்டும்.

மாநில அரசுத் திட்டங்களுக்கு டொமிசைல் சான்றிதழ் பெரும்பாலும் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் அதற்குப் பதினைந்து ஆண்டு வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். பழைய வாடகை ஒப்பந்தம், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதையும் தூக்கி எறியாதீர்கள். பூர்வீக மாநிலத்தில் பெற்ற பட்டியல் சாதி அந்தஸ்தைக் கொண்டு, குடிபெயர்ந்த மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. இதனால் நம்மில் பலரின் பிள்ளைகள் இங்கே பொதுப்பிரிவுக் கோட்டைத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. கோடு ஓர் அங்குலம் உயர்ந்தாலும் நம் பிள்ளைகளுக்கு உறைப்பது அதனால்தான்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

நம் சங்கம் ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவர்களுக்குக் கேடயமும் பரிசும் கொடுத்து வருகிறது. அது தொடரட்டும். மேடை ஏறும் பிள்ளைகளைப் பார்த்துத் தம்பி தங்கைகளுக்கும் ஆசை வரும். ஆனால் 95 எடுத்த பிள்ளைக்கு நான்கு இடத்தில் பரிசு கிடைக்கிறது. 48 எடுத்து உதவித்தொகையை இழந்த பிள்ளைக்குக் கை கொடுக்க ஆளில்லை.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு, தலைக்கு 12,000 வீதம், மொத்தம் 60,000 ரூபாய். அரசு உதவித்தொகையைச் சொற்ப மார்க்கில் இழந்து, ஆனால் கல்லூரியில் தேறி அடுத்த ஆண்டுக்குப் போனவர்களுக்கு மட்டும் ஓராண்டுக்குக் கொடுப்போம். அந்த ஓராண்டில் ஏறிவிட்டால் போதும். பெயரை மேடையில் அறிவிக்க வேண்டாம். காசோலையைக் கல்லூரிக் கட்டணமாகவோ வங்கிக் கணக்கிலோ செலுத்திவிடலாம். பணத்தோடு ஒரு மனிதரும் வேண்டும். கணக்குப் பதிவியல், கணிதம், ஆங்கிலம் சொல்லித்தரக்கூடிய ஓய்வு பெற்ற பேராசிரியர்களும் வங்கி அதிகாரிகளும் நம் சங்கத்தில் குறைவில்லாமல் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும்.

மாதம் 100 ரூபாய் வீதம் ஐம்பது குடும்பங்கள் சேர்ந்தால் அந்த 60,000 வந்துவிடும். முதல் இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டன. மூன்றாவது என்னுடையது. மற்றவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்துக்கு வந்தால், விண்ணப்பக் கட்டுகளுக்கு நடுவில் என்னைக் காணலாம்.